கடல் கடந்த கைத்தொண்டு

(ஆலயத் திருவிழாவையொட்டி ஜூரோங்கில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவிழா நாளில் ஓர் ஆலயத்திற்கு எத்தனை கைகள் வேண்டியிருக்கும் என்பதை இங்குள்ளோருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. காய் நறுக்குவோர், தோரணம் கட்டுவோர், வரிசையை ஒழுங்குபடுத்துவோர், காலணி காப்போர் என விடியற்காலை முதலே பலரும் உழைக்கின்றனர். இவர்களுள் பலர் வார நாள்களில் ஜூரோங் வட்டாரத் தொழிற்சாலைகளில் கடைசல் இயந்திரத்தின் முன்னும், தரக் கட்டுப்பாட்டு மேசையிலும், கணக்குப் பிரிவிலும் பணியாற்றுபவர்கள். காய் நறுக்குவதற்கு எவர் கையும் உதவும். ஆனால் ஓர் இயந்திரத்தின் சிறு நடுக்கத்தை ஓசையைக் கேட்டே கண்டுபிடிக்கும் செவியும், ஒரு பொருள் ஏன் தரத்தில் தவறியது என்று தேடத் தெரிந்த கண்ணும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அத்தகைய திறனை வேற்று நாட்டில் இயங்கும் ஓர் அறநிறுவனத்தின் சிறு தொழிலுக்குத் தொண்டாக அளிக்க இயலுமா, அளித்தால் என்ன விளையும் என்பதே இவ்வுரையின் பொருள்.

இக்கேள்வியை ஜூரோங்கில் எழுப்புவதற்குத் தக்க காரணம் உண்டு. இந்த வட்டாரமே வெளியிலிருந்து வந்த அறிவுரையின் துணையோடு எழுந்ததுதான். 1960ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் தொழில்துறை ஆய்வுக் குழு ஒன்று சிங்கப்பூருக்கு வந்தது. அதன் தலைவர் நெதர்லாந்தைச் சேர்ந்த பொருளியல் வல்லுநர் டாக்டர் ஆல்பர்ட் வின்சீமியஸ். மறு ஆண்டில் அக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. அதே 1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அந்நாள் நிதியமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீ, குன்றுகளை வெட்டிச் சதுப்பு நிலத்தை மேடாக்கி ஜூரோங்கில் தொழிற்பேட்டை அமைக்க முனைந்தபோது, பலர் அதனைக் ‘கோவின் மடமை’ என்று எள்ளினர். 1963இல் தேசிய இரும்பு எஃகு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் உருவாயிற்று. அதன்பின் நிகழ்ந்தவற்றை இங்குள்ள முதியோர் கண்ணாரக் கண்டவர்கள்.

வின்சீமியஸ் 1984 வரை சிங்கப்பூருக்குப் பொருளியல் ஆலோசகராக இருந்தார். ஆண்டுதோறும் வந்து, தொழிற்சாலைகளைப் பார்த்து, அமைச்சர்களோடு பேசிவிட்டு ஊர் திரும்புவார். அவருக்கு விமானக் கட்டணமும் தங்கும் விடுதிச் செலவும் மட்டுமே சிங்கப்பூரால் அளிக்கப்பட்டன என்று திரு லீ குவான் இயூ தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். கூலி பெறாத வெளிநாட்டுத் தொண்டர் என்று அவரை அழைப்பதில் பிழையில்லை. அவர் இங்கு ஒரு சுவருக்கும் வண்ணம் பூசவில்லை. ஒரு மரக்கன்றும் நட்டுப் படம் எடுத்துக்கொள்ளவில்லை. தமக்கு எது நன்கு தெரியுமோ அதனை மட்டும் கொண்டுவந்தார். அறிவுரை அவருடையது, முடிவும் உழைப்பும் இந்நாட்டவருடையவை. இந்த எல்லைக்கோட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மதுரைக்குச் செல்வோம்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாத தமிழர் குறைவு. அதனை நிறுவிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1918இல் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளம் வயதிலேயே கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கி, விரல்களை வளைத்துவிட்டது. வளைந்த அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, வாழ்நாளில் நூறாயிரத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். 1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 58ஆம் வயதில், மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். உடன்பிறந்தோரும் அவர்தம் துணைவரும் துணை நின்றனர். கட்டணம் செலுத்த இயன்றவரிடம் பெற்று, இயலாதவருக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை அளிப்பது அதன் முறை. நன்கொடையை நம்பி அன்றாடம் காலம் தள்ளுவதன்று. தன் வருவாயில் தானே நிற்பது. 1985இல் தேனியிலும் 1988இல் திருநெல்வேலியிலும் 1997இல் கோயம்புத்தூரிலும் அதன் கிளைகள் எழுந்தன.

இத்தகைய நிறுவனத்திற்கு வெளிநாட்டார் உதவி எதற்கு என்று கேட்கலாம். 1980களில் அதற்கு ஒரு முட்டுக்கட்டை ஏற்பட்டது. அந்த முட்டுக்கட்டையின் விட்டம் ஆறு மில்லிமீட்டர்தான்.

கண்புரை என்பது கண்ணினுள் இயற்கையாய் அமைந்த வில்லை மங்கிப்போவது. அறுவையில் அந்த வில்லையை எடுத்துவிட்டால் ஒளி உள்ளே புகும். ஆனால் பார்வை குவியாது. அதற்காக அந்நாளில் சோடாப் புட்டியின் அடிப்பாகம் போன்ற தடித்த கண்ணாடியை அணிவித்து அனுப்பினர். அது பொருள்களைக் கால் பங்குக்கும் அதிகமாகப் பெரிதாக்கிக் காட்டும். பக்கவாட்டில் வருவது தெரியாது. படியில் கால் வைக்கவும் வரப்பில் நடக்கவும் அஞ்ச வேண்டும். களத்து மேட்டில் அக்கண்ணாடி விழுந்து உடைந்தாலோ, அறுவை செய்துகொண்டவர் மீண்டும் குருடர்தாம். புதிய கண்ணாடி வாங்க நகரத்திற்குச் செல்ல வேண்டும். கூலி வேலை செய்யும் மூதாட்டிக்கு அது எளிதா?

இதற்கு மாற்று வழி ஒன்று ஏற்கெனவே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்களுக்குள் விமானக் கண்ணறையின் நெகிழிச் சிதறல்கள் புகுந்தும் அவை கண்ணை உறுத்தவில்லை என்பதை லண்டன் மருத்துவர் ஹரால்டு ரிட்லி கவனித்தார். 1949இல் அத்தகைய நெகிழியில் செய்த வில்லை ஒன்றை நோயாளியின் கண்ணுக்குள்ளேயே பொருத்தினார். பல்லாண்டு எதிர்ப்புக்குப் பின் அம்முறை மேலை நாடுகளில் பரவியது. வில்லையைப் பொருத்திக்கொண்டவருக்குத் தடித்த கண்ணாடி தேவையில்லை. ஆனால் 1980களில் அதன் விலை ஏறத்தாழ 100 அமெரிக்க வெள்ளி. மதுரையில் ஓர் ஏழைக்கு ஆகும் முழு அறுவைச் செலவைக் காட்டிலும் அது பன்மடங்கு.

ஆகவே உலக அரங்கில் ஒரு கருத்து நிலவியது. செல்வந்த நாடுகளுக்கு உள்விழி வில்லை. ஏழை நாடுகளுக்குத் தடித்த கண்ணாடியே போதும். அறிஞர் பலர் இதனை நல்லெண்ணத்துடனேயே கூறினர். இருக்கும் பணத்தில் எத்தனை பேருக்குப் பார்வை தரலாம் என்பது அவர்கள் கணக்கு. டாக்டர் வெங்கடசாமிக்கு அக்கணக்கு உவக்கவில்லை. பணம் உள்ளவருக்கு ஒரு பார்வை, இல்லாதவருக்கு வேறொரு பார்வையா?

இவ்விடத்தில்தான் கடல் கடந்த தொண்டர்கள் வருகின்றனர். பெரியம்மை ஒழிப்புப் பணியில் ஈடுபட்டிருந்த லாரி பிரில்லியண்ட், நிக்கோல் கிராசே முதலியோர் நண்பர்களோடு சேர்ந்து 1978இல் அமெரிக்காவில் ‘சேவா’ என்னும் அறநிறுவனத்தை அமைத்தனர். பெயரே வடமொழிச் சொல். இதன் வழியாகக் கண் மருத்துவர்களும் நிர்வாக வல்லுநர்களும் மதுரைக்கு வந்தனர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவமனை நிர்வாகம் கற்பித்த பேராசிரியர் ஃபிரெட் மன்சன் அவர்களுள் ஒருவர். மற்றொருவர் டேவிட் கிரீன். இவர் மருத்துவரும் அல்லர், பொறியாளரும் அல்லர். அமெரிக்க நிறுவனங்களிடம் உள்விழி வில்லைகளை நன்கொடையாகப் பெற்று மதுரைக்கு அனுப்புவதே அவர் செய்துவந்த பணி.

அது நல்ல பணிதான். எனினும் நன்கொடை வில்லை எப்போது வரும், எத்தனை வரும், தேவையான ஆற்றல் அளவில் வருமா என்பது கொடுப்பவர் கையில் இருந்தது. அறுவை அரங்கில் மருத்துவர் காத்திருக்கிறார், நோயாளி காத்திருக்கிறார், வில்லை மட்டும் வரவில்லை என்றால் என் செய்வது? ஆண்டுக்குச் சில ஆயிரம் என்ற அளவில் அது நின்றுவிடும். காத்திருப்போரோ பல நூறாயிரம்.

ஆகவே கேள்வியையே மாற்றினர். வில்லையைத் தானமாகப் பெறுவதை விடுத்து, அதைச் செய்யும் வித்தையைப் பெற இயலுமா? பெரிய நிறுவனங்கள் தொழில்நுட்பத்தைத் தர முன்வரவில்லை. டேவிட் கிரீன் பல கதவுகளைத் தட்டினார். இறுதியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒரு சிறு நிறுவனம் அதனை விலைக்குக் கொடுக்க இசைந்தது. சேவா உள்ளிட்ட அறநிறுவனங்கள் தொடக்க நிதிக்கு உதவின. 1992இல் மதுரையில் ‘ஆரோலேப்’ என்னும் தொழிற்கூடம், இலாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளாத அறக்கட்டளையாகத் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் பொறியியல் கற்று முனைவர் பட்டம் பெற்ற டாக்டர் பி. பாலகிருஷ்ணன் தாயகம் திரும்பி, பின்னர் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

ஜூரோங்கில் பணிபுரிவோர் அத்தொழிற்கூடத்தின் வேலையைக் கேட்டால் உடனே புரிந்துகொள்வர். நெகிழியை நுண்ணிய கடைசல் இயந்திரத்தில் வில்லையாக வெட்ட வேண்டும். மெருகேற்றும் உருளைகளில் இட்டுப் பல மணி நேரம் சுழற்ற வேண்டும். வில்லையைக் கண்ணுக்குள் நிலைநிறுத்தும் மெல்லிய வளைவுக் கம்பிகளைப் பொருத்த வேண்டும். ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, கீறல் கண்டால் ஒதுக்க வேண்டும். பின்னர் எத்திலீன் ஆக்ஸைடு வாயுவால் கிருமி நீக்கி உறையிலிட வேண்டும். இத்தனையும் தூசு புகாத அறைக்குள் நடைபெற வேண்டும். தூசு என்பது மதுரையில் வைகாசி மாதத்தில் என்ன பாடு படுத்தும் என்பதை ஊர்க்காரர்கள் அறிவர்! அந்த அறையில் உடல் முழுதும் மூடிய வெள்ளாடையில் அமர்ந்து பணியாற்றுவோரில் மிகப் பெரும்பாலோர் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்போடு வந்த இளம்பெண்கள். அவர்களுக்கு வேலையைக் கற்பித்துத் தரத்திற்குக் கொண்டுவந்ததே அம்முயற்சியின் கடினமான பகுதி எனலாம். இயந்திரத்தைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடலாம். கைப்பழக்கத்தை அவ்வாறு அனுப்ப முடியாது.

தொடக்கத்தில் ஆரோலேப் வில்லையின் விலை ஏறத்தாழ 10 அமெரிக்க வெள்ளி. பின்னர் எளிய வகை வில்லையின் விலை 5 வெள்ளிக்கும் கீழ் இறங்கியது. ‘மலிவான சரக்கு கண்ணுக்கு ஆகுமா?’ என்ற ஐயம் இயல்பாகவே எழுந்தது. தரத்திற்கான ஐரோப்பியச் சான்றிதழைப் பெற்றதே அதற்கு விடையாயிற்று. கண் அறுவைக்கான தையல் இழை, மருந்துகள், கருவிகள் எனப் பிற பொருள்களும் பின்னர் வந்தன. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அத்தொழிற்கூடத்தின் பொருள்கள் செல்கின்றன. ஏழை நாடுகளுக்கு உள்விழி வில்லை கட்டுப்படியாகாது என்ற வாதம் இன்று எவர் வாயிலும் இல்லை.

இதுபோன்ற முயற்சி மதுரையில் மட்டும் நிகழ்ந்ததன்று. ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் ஃபிரெட் ஹாலோஸ் 1993இல் மறைந்தார். அவர் பெயரிலான அறநிறுவனம் 1990களின் நடுவில் நேப்பாளத் தலைநகர் காட்மாண்டுவிலும், ஆப்பிரிக்காவின் எரித்ரியாவிலும் உள்விழி வில்லைத் தொழிற்கூடங்களை அமைத்தது. நேப்பாளத்தில் டாக்டர் சந்துக் ருயிட் அதற்கு உறுதுணையாய் நின்றார். வெவ்வேறு நாட்டவர் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே முடிவுக்கு வந்தது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மதுரை நிகழ்ச்சியில் ஒரு செய்தியைச் சற்று நின்று நோக்க வேண்டும். டேவிட் கிரீனுக்கு 2004இல் மெக்கார்தர் நிறுவனத்தின் புகழ்பெற்ற நிதிநல்கை கிடைத்தது. உலகம் அவரை அறிந்தது. ஆயினும் ஆரோலேப் தொழிற்கூடத்தை நாள்தோறும் நடத்துவோர் மதுரைக்காரர்கள். டாக்டர் வெங்கடசாமி 2006இல் மறைந்தார். தொழிற்கூடத்தின் வேலை நின்றுவிடவில்லை. தொண்டர் ஊர் திரும்பிய பின்னும் வேலை நடக்கிறதா என்பதுதான் வெளிநாட்டுத் தொண்டை அளக்கும் படி. இந்தப் படியில் நிறுத்தினால் எடை குறையும் தொண்டுகள் பல உண்டு. விடுமுறையில் குழுவாகச் சென்று, உள்ளூர்க் கொத்தனார் இரண்டு நாளில் கட்டக்கூடிய சுவரை இரண்டு வாரம் கட்டி, அவருடைய கூலியையும் கெடுத்துவிட்டு வருவது ஒரு வகை. பழைய கருவிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்புவது இன்னொரு வகை. 110 வோல்ட்டில் இயங்கும் கருவி 230 வோல்ட் உள்ள ஊரில் போய் இறங்கும். மாற்று உறுப்புக் கிடைக்காது. கையேடு வேற்று மொழியில் இருக்கும். ஏழை நாட்டு மருத்துவமனைகளின் பின்கட்டில் இவ்வாறு தூசு படிந்து கிடக்கும் தானங்கள் ஏராளம். அரவிந்த் நிறுவனத்தார் கண் மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்கும் தொழில்நுட்பர்களுக்கென்றே பயிற்சி வகுப்பு நடத்திவருவது இதனால்தான்.

இனி, இங்குள்ள அன்பர்களுக்கு இதில் என்ன பங்கு?

வின்சீமியஸ் போலவோ டேவிட் கிரீன் போலவோ பெருஞ்செயல் செய்தாக வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அறக்கட்டளைகள் நடத்தும் சிறு தொழில்கள் பல உள்ளன. திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில், டாக்டர் சௌந்திரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய அறப்பணியின் வழிவந்த சித்த, ஆயுர்வேத மருந்துத் தயாரிப்பு உண்டு. கதர்த் தொழில் உண்டு. உடற்குறையுடையோர் பணியாற்றும் பட்டறைகள், பெண்கள் நடத்தும் தையற்கூடங்கள், அடுமனைகள் எனச் சிறியவை எங்கும் உண்டு. இவற்றுள் பலவற்றை வாட்டுவது மனமின்மை அன்று. அடக்க விலையை ஒழுங்காகக் கணக்கிடத் தெரியாமல் இழப்புக்கு விற்பது, ஒரு மாதச் சரக்கு ஒரு தரமும் மறு மாதச் சரக்கு வேறொரு தரமுமாக இருப்பது, இயந்திரம் நின்றால் நகரத்திலிருந்து ஆள் வரும்வரை பத்து நாள் காத்திருப்பது போன்ற சிறு குறைகள்தாம். ஜூரோங்கில் இருபதாண்டு பணியாற்றிய ஒரு தொழில்நுட்பருக்கு இவை அன்றாடச் செய்திகள். மேலும் சிங்கப்பூர்த் தமிழருக்கு ஒரு வசதி உண்டு, மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. பட்டறையில் பணிபுரியும் பெண்மணி ‘அண்ணே, இது இப்படித்தான் எப்பவும் மக்கர் பண்ணும்’ என்று சொல்வது நேராகவே விளங்கும். அமெரிக்கப் பேராசிரியருக்கு அது வாய்க்கவில்லை.

செல்வதற்கு முன் செய்ய வேண்டியவை சில. முதலாவது, கடிதம் எழுதிக் கேட்பது. ‘இன்னது தருகிறோம்’ என்று அன்று, ‘எது தேவை?’ என்று. தம் தொழில், அனுபவம், எத்தனை நாள் தங்க இயலும் என்பவற்றையும் தெளிவாக எழுத வேண்டும். ஒரு வாரம் போதாது. முதல் வாரம் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் சரியாகிவிடும். விசா விதிகளைத் தூதரகத்தில் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். ஊதியமில்லாப் பணியாயினும் காலவரையறை உண்டு. பண உதவியைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று எண்ணக்கூடாது. இந்தியாவின் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புகளே வெளிநாட்டார் தரும் நன்கொடையைப் பெறலாம். அதுவும் குறித்த வங்கிக் கணக்கின் வழியாக மட்டுமே. நல்லெண்ணத்தில் கொடுத்த தொகையால் அந்தச் சிறு நிறுவனம் வழக்கில் சிக்கினால் யாருக்கு நட்டம்?

தனியே செல்லத் தயங்குவோருக்கு இங்கேயே துணை உண்டு. 1991இல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர் அனைத்துலக அறநிறுவனம், தொழில்திறன் உள்ள சிங்கப்பூரர்களை ஆசிய நாடுகளுக்குத் தொண்டூழியர்களாக அனுப்பிவருகிறது. கற்றுக் கொடுத்துவிட்டு வருவதே அதன் முறை. ஆலயங்களின் சமூகத் தொண்டுக் குழுக்களும், தம் உறுப்பினரிடையே யாருக்கு எந்தத் தொழில் தெரியும் என்று ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளலாம். சமையலுக்கு யார், பூ கட்ட யார் என்ற பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. மின்பணிக்கு யார், கணக்குத் தணிக்கைக்கு யார், குளிர்பதனக் கருவிக்கு யார் என்று மேலும் சில பத்திகளைச் சேர்த்தால் போதும்.

பட்டறையில் இறங்கிய பிறகு, செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் எளிய தமிழில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். எந்தத் திருகை எவ்வளவு முடுக்க வேண்டும், எண்ணெய் எந்தக் கிழமை விட வேண்டும், எந்த ஓசை கேட்டால் நிறுத்த வேண்டும் என அனைத்தும் அதில் இருக்க வேண்டும். புறப்படுவதற்கு முந்திய மூன்று நாள்கள் தொண்டர் இயந்திரத்தைத் தொடவே கூடாது. அங்குள்ளவரே அதைக் கழற்றி, துடைத்து, மீண்டும் பூட்டி ஓட்ட வேண்டும். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாய் நின்று பார்க்க வேண்டும்.